பேர்கனில் ஆர் நிக்கினம்?

டோர்ட்மண்டில் கடல் இல்லை. சொல்லிக்கொள்ளும்படியான ஆறும் இல்லை. ரூர் ஆறு ஊரின் தென்கோடியைத் தொட்டுவிட்டுப் போய்விடும். எம்ஷர் ஆறு நூறு வருடத்துக்கு மேலாகச் சாக்கடையாக ஓடி, 2021 முடிவில்தான் மறுபடி ஆறானது. ஆனால் துறைமுகம் மட்டும் இருக்கிறது. 1899 ஆகஸ்டில் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் நேரில் வந்து திறந்துவைத்த கால்வாய்த் துறைமுகம். இரும்புத்தாது உள்ளே வரவும் ஊரின் உலைகள் எரியவும் வெட்டிய கால்வாய் வடக்கே போய் எம்ஸ் ஆற்றோடு சேர்கிறது. அந்த எம்ஸ் கரையில், பாப்பன்பூர்க் என்ற சின்ன ஊரில், மயர் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. மாடிக் கட்டடம் போன்ற உல்லாசக் கப்பல்களை அங்கே கட்டி, ஆற்றை அணையால் மறித்துத் தண்ணீரை உயர்த்தி, பின்பக்கம் முன்னாகக் கடலுக்கு இழுத்துப்போவார்கள். 2024இல் அந்தத் தளம் விழப்பார்த்தபோது ஜேர்மன் அரசும் நீடர்சாக்சன் மாநிலமும் சேர்ந்து 400 மில்லியன் யூரோ போட்டு ஏறத்தாழ எண்பது வீதத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டன.

ஆகவே டோர்ட்மண்ட்காரர் நினைத்தால் வீட்டுப் பக்கத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே கப்பல் பிறக்கும் இடத்துக்குப் போய்விடலாம். யாரும் அப்படிப் போவதில்லை. ஜனவரி மாதச் சனிக்கிழமை காலையில் வெஸ்டன்ஹெல்வெக் கடைத்தெருப் பக்கம் வந்து, ஒரு பயண முகவரகத்தின் கதவைத் தள்ளுகிறார்கள்.

ஜனவரிதான் முகவரகங்களுக்குக் கலியாண மாதம். முன்கூட்டிப் பதிவு செய்பவர்களுக்கு விலைக்கழிவு, பிள்ளைகளுக்குச் சலுகை என்று கண்ணாடியெல்லாம் ஒட்டியிருக்கும். வெளியே ஈரக் குளிர். மஞ்சளும் கறுப்புமாய்ச் சால்வை சுற்றிய ஆட்கள் மத்தியானப் பந்தாட்டத்துக்கு இப்போதே கையில் பியரோடு நடக்கிறார்கள். உள்ளே ஹீற்றர் சூட்டில் இரண்டு மேசை, இரண்டு பெண்கள், சுவரில் ஒரு பெரிய உலகப்படம். எனக்குச் சின்ன அலுவல்தான்: கொழும்புப் பயணச்சீட்டில் திகதி மாற்றவேண்டும். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பழைய சஞ்சிகை ஒன்றை விரித்து வைத்திருந்தேன்.

முதல் மேசையில் வயதான ஜேர்மன் தம்பதி. அவர் முன்னொரு காலத்தில் ஹோர்டே உருக்காலையில் வேலை செய்தவர் என்பது பேச்சில் வந்தது. அந்த ஆலை 2001இல் பூட்டப்பட்டது. சீனத் தொழிலாளர்கள் வந்து ஆணி ஆணியாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆலை நின்ற குழியில் தண்ணீர் விட்டு இன்று பீனிக்ஸ் ஏரி ஆக்கியிருக்கிறார்கள். கரையெல்லாம் விலை கூடிய வீடுகள். "என்ர உலை எனக்கு முதலே கப்பலேறிப் போட்டுது" என்ற கருத்தில் அவர் சொல்ல, மேசைப்பெண் சிரித்தாள். முன்னரும் கேட்ட பகிடியாக இருக்கவேண்டும்.

அந்தத் தம்பதி எங்கே போகிறோம் என்று கேட்கவே இல்லை. எந்தக் கப்பல் என்று கேட்டார்கள். எந்தத் தளம், லிப்டுக்கு எவ்வளவு தூரம், மேலே நீச்சல் குளமா நடனமேடையா, போனமுறை பரிமாறிய சாப்பாட்டு மண்டபம் இந்தமுறையும் திறந்திருக்குமா. கனேரியத் தீவுகளா மத்தியதரைக் கடலா என்பதை அவள்தான் ஞாபகப்படுத்தவேண்டி வந்தது. துறைமுகங்களில் இறங்குவதும் இல்லையாம். எல்லோரும் இறங்கிப் போன பிறகு கப்பல் வெறிச்சென்று இருக்கும், அந்த நேரம்தான் நல்ல நேரம் என்றார் அவருடைய மனைவி. எனக்கு இது மிகவும் பிடித்தது. கப்பலையே ஊராக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பினார்கள்.

இரண்டாவது மேசையில் ஐந்து பேர். கதிரை மூன்றுதான். எங்கட ஆட்கள். அப்பாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அம்மா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தா. பல்கலைக்கழகத்தில் படிக்கிற வயதில் மகன், பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயதில் மகள். நடுக்கதிரையில் கம்பளித் தொப்பிக்கு மேலே முக்காடும் போட்டுக்கொண்டு அம்மம்மா. நான் தமிழன் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் விலையை இவ்வளவு சத்தமாகக் கதைத்திருக்கமாட்டார்கள்.

மகன் தயாராக வந்திருந்தான். நோர்த்காப், நள்ளிரவுச் சூரியன். நோர்வேயின் அந்த வடகோடியில் மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசிவரை சூரியன் இறங்காது என்று கைபேசியில் காட்டினான். மேசைப்பெண் நாட்காட்டியைத் திருப்பினாள். நோர்த்ரைன்-வெஸ்ட்பாலனில் 2026 கோடை விடுமுறை ஜூலை 20இல்தான் தொடங்குகிறது. இந்த நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் விடுமுறை ஒவ்வொரு நேரம்; நெடுஞ்சாலை நெரியக்கூடாது என்பதற்காக மாறிமாறி வைப்பார்கள். ஹம்பேர்க்கில் ஏறினால் நோர்த்காப் போக நாலைந்து நாள் வேண்டும். விடுமுறையின் முதல் சனிக்கிழமையே ஏறினால்தான் அந்தச் சூரியன் மிஞ்சும். அந்தக் கிழமைதான் விலை உச்சம்.

"மூண்டு நாள் முந்திப் பள்ளிக்கூடத்தில கேட்டால் விடமாட்டினமே?" என்றா அம்மா.

"ஷ்ட்ராஃபெ வரும், அம்மா," என்றாள் மகள், தண்டம் வரும் என்பதில் கொஞ்சம் சந்தோசத்தோடு. அவளுக்குச் சூரியன் வேண்டாம். அவளுக்கு வேண்டியது பார்சலோனா, மர்சேய், ரோமுக்குப் போகிற துறைமுகம், பால்கனி உள்ள அறை. பால்கனி இல்லாமல் படம் எடுக்க ஏலாது.

மத்தியதரைக் கடலை அப்பா ஒரே வசனத்தில் முடித்தார். "ஜூலையில வெய்யில் காயிறதுக்கு உவ்வளவு காசு குடுக்கோணுமே, யாழ்ப்பாணத்தில சும்மா காயலாம்." பால்டிக் கடலை மேசைப்பெண்தான் எடுத்துவைத்தாள்: கீல் துறைமுகத்தில் ஏறி கொப்பன்ஹேகன், ஸ்ரொக்ஹோம், தாலின். முன்பு அந்தப் பாதையின் மகுடமே சென்ற் பீற்றர்ஸ்பேர்க். 2022க்குப் பிறகு கப்பல்கள் அங்கே போவதில்லை. மகுடம் கழன்ற பயணத்தில் ஒருவருக்கும் மனம் ஒட்டவில்லை.

அப்போது அம்மா மெல்லச் சொன்னா: "இஞ்சாருங்கோ, சவுதாம்ரன் போறது ஒண்டு இருந்தது எல்லோ."

லண்டனில் அவவின் அண்ணை இருக்கிறார். கப்பல் காலையில் சவுதாம்ரனில் கட்டினால் அண்ணையும் அண்ணியும் காரில் வந்து ஏற்றிப்போய், பின்னேரம் கொண்டுவந்து விடுவினம். திட்டம் முழுவதும் அவவிடம் இருந்தது, மத்தியானச் சாப்பாடு உட்பட. மேசைப்பெண் ஐந்து பேருடைய கடவுச்சீட்டையும் கேட்டாள். நாலு சிவப்பு, ஒரு நீலம். அந்த நீலம் அம்மம்மாவுடையது. அகதிகளுக்கு ஜேர்மனி கொடுக்கிற பயணப் பத்திரம். எல்லா நாட்டுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர என்று உள்ளே அச்சடித்திருக்கும். குடியுரிமைக்கு மொழிப் பரீட்சை எழுதவேண்டும்; அம்மம்மா எழுதவில்லை. சிவப்புக்காரர்களுக்கு இணையத்தில் கொஞ்சக் காசு கட்டிப் பிரித்தானிய அனுமதி எடுத்தால் போதும். 2025 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். நீலத்துக்கு விசா வேண்டும், கைரேகை வேண்டும், நேரில் போகவேண்டும். அரை நாள் மீன்குழம்புக்கு இவ்வளவா என்று அப்பாவின் முகம் கேட்டது. வாய் கேட்கவில்லை. அண்ணை என்றால் அவருக்கு மைத்துனர்.

நோர்வே ஷெங்கனுக்குள் இருக்கிறது. நீலத்தோடு போகலாம்.

அந்த நொடியில் சுவரிலிருந்த உலகப்படம் எனக்கு வேறாகத் தெரிந்தது. இந்த மேசையில் இருந்தவர்கள் கரையோரங்களைப் பார்க்கவில்லை. எந்தக் கரையில் எவர் இருக்கிறார் என்று பார்த்தார்கள். அம்மம்மா முதன்முறையாக வாயைத் திறந்தா.

"பேர்கனுக்குப் போகுமோ?"

போகும் என்றாள் பெண். ஹம்பேர்க்கில் ஏறி ஏழு நாள். ஸ்ரவாங்கர், கைராங்கர், ஒலசுண்ட், பேர்கன். பேர்கனில் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணிவரை.

"அங்க பெரியக்காவின்ர மகன் நிக்கிறான்," என்றா அம்மம்மா. அதோடு நள்ளிரவுச் சூரியனும் ரோமும் விழுந்தன. எண்பதுகளில் நோர்வேயின் வடகோடி மீன் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்த பையன்களில் அவனும் ஒருவனாம். கையுறையோடு மீன் வெட்டி, காசு சேர்த்து, தெற்கே இறங்கி வீடு வாங்கியவன். அம்மம்மா அவனைக் கடைசியாகக் கண்டது அவன் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று.

மகன் தோல்வியைக் கெளரவமாக ஏற்றுக்கொண்டான். கைராங்கர் ஃபியோர்ட் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. அதற்குள் புகை விடாத கப்பல்தான் வரலாம் என்று நோர்வே சட்டம் போட்டு, 2026இலிருந்து சின்னக் கப்பல்களுக்கு நடைமுறையாகிறது, பெரியவற்றுக்கு 2032வரை தவணை என்றான். "அப்ப நாங்கள் போறது புகை விடுற கப்பலோ?" என்று தங்கச்சி கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. பதிலுக்கு அம்மம்மா பக்கம் திரும்பினான்.

"அம்மம்மா, எங்கட காங்கேசன்துறைக்கும் இப்பிடி ஒரு சொகுசுக் கப்பல் வந்தது, தெரியுமோ? 2023 ஜூனில, சென்னையிலயிருந்து."

"வந்தவை அங்க என்னத்தைப் பார்த்தவை?" என்றா அம்மம்மா. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டா. ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு அறைக் கணக்கு. எனக்குத் தெரிந்தவரை கப்பல் பயணத்தில் ஊர் தெரிவதற்கு ஒரு பங்கு நேரம் போனால், அறை தெரிவதற்கு மூன்று பங்கு போகும். பால்கனி அறைக்கும் யன்னலே இல்லாத உள்ளறைக்கும் இடையில் ஐந்து பேருக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் வித்தியாசம். அம்மாவுக்குத் தலைசுற்று, வாந்தி என்று பயம். வடகடல் சும்மா இருக்காது. கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி குறைவாக ஆடும் என்றாள் பெண். மேலே, முன்னே, விலை கூடிய அறைகள்தான் கூட ஆடும். இதை அவள் தானாகச் சொன்னது எனக்கு மரியாதையாக இருந்தது.

மகள் பால்கனியை விடுவதாக இல்லை. அம்மம்மாவோடு ஓர் அறையில் அவள்தான் படுக்கவேண்டும். அம்மம்மாவுக்குக் கடல் பார்க்க ஆசை இருக்காதா என்று கேட்டாள். அது நியாயமான தந்திரம்.

"எனக்கு யன்னல் வேண்டாம், பிள்ளை," என்றா அம்மம்மா. "கதவு உள்ளால பூட்டுப்படுமோ எண்டு கேள்."

மகள் ஜேர்மனில் கேட்டாள். மேசைப்பெண் குழம்பிப்போய், பூட்டுப்படும், அட்டைச்சாவி தருவார்கள் என்றாள். அம்மம்மா தலையாட்டினா. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி அடைபட்டிருந்தபோது, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில்தான் சனம் வெளியே வந்தது. அனுமதி எடுத்து, மாதக்கணக்கில் பெயர் வரும்வரை காத்திருந்து, சாமானுக்கு மேலே சாமானாய் இருந்து வந்த இரவு அது. அம்மம்மா அதைப்பற்றி அந்த மேசையில் ஒன்றும் சொல்லவில்லை. மருமகன்தான் மகளுக்கு இரண்டு வசனத்தில் சொல்லி, "மாமிக்குத் தண்ணி பார்த்தது காணும்" என்று முடித்தார். அவள் பால்கனியை அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பதினைந்து வயதுக்கு வரலாறு ஆறுதல் இல்லை.

பெயர்ப் பதிவு நீண்டது. கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்து விடாமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அப்பாவின் குடும்பப் பெயர் அவருடைய தகப்பன் பெயர், பிள்ளைகளின் குடும்பப் பெயர் அவர் பெயர், அம்மம்மாவின் பெயர் பெட்டிக்குள் அடங்காமல் நின்றது. ஒரே குடும்பம்தானா என்று பெண் கேட்டாள். ஓம் என்று ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

முற்பணம் இருபது வீதம். அப்பா அட்டையை எடுத்தார், பாதியில் நிறுத்தினார். 2024 ஜூனில் எஃப்டிஐ என்ற பெரிய பயண நிறுவனம் வங்குரோத்தானதை அவர் மறக்கவில்லை. கம்பனி விழுந்தால் என் காசு என்னாகும்? பெண் ஒரு பத்திரத்தை எடுத்துக் காட்டினாள். இந்த நாட்டுச் சட்டப்படி, காப்புறுதிப் பத்திரத்தைக் கையில் தராமல் முற்பணம் வாங்கவே கூடாது. அன்றைக்கு விழுந்த நிறுவனத்தின் பொதிப்பயணக்காரருக்கும் அதற்கென்று வைத்திருக்கும் நிதியத்திலிருந்துதான் காசு திரும்பிப் போனது. அப்பா பத்திரத்தை முழுவதும் வாசித்தார், பின்பக்கத்தையும். பிறகு அட்டையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி," என்றா அம்மம்மா. "அவனுக்கு ஒருக்கால் சொல்லுவம்."

கைபேசி மேசை நடுவில் வைக்கப்பட்டது. ஒலிபெருக்கியில் பேர்கன் பேசியது. பெரியக்காவின் மகனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சின்னம்மா கப்பலிலயோ, கடவுளே, நான் வேலைக்கு லீவு போட்டிட்டு வாறன் என்று சத்தம். எப்ப என்று கேட்டான். ஜூலைக் கடைசி என்றா அம்மம்மா.

ஒரு கணம் அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயோ சின்னம்மா, ஜூலை முழுக்க நாங்கள் யாழ்ப்பாணத்தில எல்லோ நிப்பம். ரிக்கற் எடுத்தாச்சு."

மேசைப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஐந்து முகங்களையும் பார்த்து விளங்கிக்கொண்டாள். அப்பா அட்டையை மெதுவாகப் பேர்சுக்குள் வைத்தார். செவ்வாய்க்கிழமைவரை காசில்லாமல் இரண்டு அறைகளையும் பிடித்து வைக்கலாம் என்று அவள் சொன்னாள். அந்த ஒழுங்குக்கு இங்கே ஒப்சியோன் என்று பெயர். அப்பா தலையாட்டினார். அவள் அச்சடிக்கப் போனாள்.

"இஞ்சாருங்கோ," என்றா அம்மா, கைப்பையைத் திறந்து தன் கைபேசியை எடுத்தபடி. "அந்த நீலப் பாசுக்கு விசா எடுக்க எத்தினை நாள் செல்லும் எண்டு கேளுங்கோவன். அண்ணையாக்கள் ஒரு இடமும் போகேல்லை."