கணிப்பொறிக்கு ஓர் ஆடை

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள் நம் முன்னோர். கணிப்பொறிக்கும் ஓர் ஆடை உண்டு. அதுதான் 'கேபினெட்' எனப்படும் பெட்டி. எங்கள் வகுப்பினர் ஒரு கணிப்பொறியைத் தாங்களே பூட்டவேண்டும் என்று அருட்சகோதரி பணித்தபோது, அதற்கேற்ற பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் எங்களிடம் வந்தது. பெற்றோர் மனமுவந்து கொடுத்த பணம். ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது!

1990களில் பெரும்பாலான பெட்டிகள் மங்கிய வெண்ணிறத்திலேயே இருந்தன. ஆர்வலர் சிலர் தகட்டை அறுத்துக் கண்ணாடி பதித்தனர். உள்ளே விளக்கு வைத்து அழகு பார்த்தனர். 1998-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஒளி ஊடுருவும் நீலநிற ஐமேக் வந்து, நிறத்தின்மேல் பலருக்கும் ஆசையை வளர்த்தது. பின்னர் உற்பத்தியாளர்களே இவ்வேலைப்பாடுகளைச் செய்து விற்கலாயினர். அத்தகைய பெட்டி ஒன்றைத்தான், "இரண்டு நாள் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கடைக்காரர் கொடுத்தனுப்பினார். முன்புறமும் பக்கமும் கண்ணாடி. முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக வண்ண விளக்கு விசிறிகள். கண்டதும் எங்கள் உள்ளம் துள்ளியது!

முதலில் விளிம்புகளைத் தடவிப் பார்த்தோம். கையால் அறுப்பவர்கள் அரம் போட்டு மழுக்க வேண்டியிருக்கும். இங்கோ தகடு நன்கு மடிக்கப்பட்டிருந்தது. அடுத்து, தாய்ப்பலகையை வைத்தோம். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ் அளவின்படி அது 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. திருகுகள் யாவும் இழுபறியின்றிப் பொருந்தின.

மூன்றாவது சோதனை காற்று. முன்னே குளிர்ந்த காற்று நுழைந்து, பின்னே வெப்பம் வெளியேற வேண்டும். கண்ணாடியின் ஓரத்திலோ விரல் நுழையும் அளவே இடைவெளி! அதன் அருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தோம். அது அசையவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தவுடன் விசிறியின் பக்கம் இழுபட்டு ஒட்டிக்கொண்டது. ஒரே வேலையை இருமுறை கொடுத்துப் பார்த்தபோதும், கண்ணாடி இல்லாத நேரத்தில் திரையில் காட்டிய வெப்பம் குறைந்தது. விசிறிகளின் இரைச்சலும் தணிந்தது. தூசி வடிகட்டியும் அதில் இல்லை. சுண்ணாம்புக்கட்டித் தூள் பறக்கும் பள்ளியில் அது எத்தனை நாள் தாங்கும்?

பழைய ஆர்வலர் பலர் தகட்டை அறுத்தது அழகுக்காக மட்டுமன்று. பெரிய விசிறிக்கு இடம் செய்து வெப்பத்தைப் போக்கவும்தான். இப்பெட்டியைச் செய்தவர்கள் அவர்களுடைய விளக்கை எடுத்துக்கொண்டார்கள். காற்றுக்கான துளையை விட்டுவிட்டார்கள். எனவே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்புறம் வலைத் தகடும், கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டியும் உள்ள ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கினோம். விளக்கில்லையே என்று எங்களில் சிலருக்குச் சிறிது வருத்தம்தான். ஆயினும், பிறர் செய்து முடித்த வேலைப்பாட்டை விலைக்கு வாங்கும்போது, அது எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது.

தோழியரே! காண்போர் கண்ணுக்கு இனிமை தந்தால் மட்டும் போதாது. உள்ளே உழைப்பது மூச்சுவிடவும் ஆடை இடந்தர வேண்டுமன்றோ?