பெட்டியில் பெயர், உள்ளே எண்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 2012-ல் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு இலவச மடிக்கணினி அது. குரூப் 4 தேர்வுக்கான வகுப்புகளை அதில்தான் பார்க்க வேண்டும். உள்ளிருந்த வைஃபை செத்துப் போயிருந்தது. "மாமா, ஏதாவது பண்ண முடியுமா?" என்று தூக்கிக்கொண்டு வந்தாள்.

என் மேஜை டிராயரில் பழைய யூஎஸ்பி வைஃபை ஒன்று கிடந்தது. அதன் சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. மாடல் பெயரைத் தேடி இணையத்தில் டிரைவர் இறக்கிப் போட்டேன், ஏற்கவில்லை. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விழுப்புரத்தில் ஒரு கடையில் காட்டினேன். "பழசு சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். மனசு வரவில்லை.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மாடல் பெயரை மாற்றாமலே உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிவிடுவது உண்டு. டிரைவர் சிப்புக்குத்தான், அட்டைப்பெட்டிக்கு அல்ல. டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடி என்ற இடத்தில் விஐடி, பிஐடி என்று இரண்டு எண்கள் இருக்கும். அதுதான் சாதனத்தின் ஜாதகம். என்னுடையதில் பிஐடி 9271, ஏதெரோஸ் சிப். லினக்ஸில் அதற்கு டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட்டுகளும் நின்றுவிட்டன. ஆகவே லினக்ஸ் மின்ட் போட்டேன். செருகியதும் எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்தது. சிடி தேவைப்படவே இல்லை.

"சரியாயிடுச்சா மாமா!" என்றாள். மறுநாள் காலையிலேயே பாடம் ஓடும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது.

உங்கள் டிராயரிலும் ஒன்று கிடக்கலாம். வீசுமுன் அந்த எண்ணைப் பாருங்கள்.