தாகம் அறியாக் குதிரை

துபாய் நகரின் சந்தடியைக் கடந்து பாலைவனத்தினுள் சென்றால், ஸைஹ் அஸ்ஸலாம் என்னுமிடத்தில் நெடுந்தூரக் குதிரையோட்டத்திற்கென்றே அமைந்த களம் ஒன்றுள்ளது. 1998-ஆம் ஆண்டில் இவ்வோட்டத்தின் உலகப் போட்டி துபாயில்தான் நடைபெற்றது. லாயமொன்றில் பணிபுரியும் என் சகோதரியின் மகன், ஒரு குளிர்காலத்தில் என்னை அங்கு அழைத்துச் சென்றான்.

ஓட்டம் 160 கிலோமீட்டர் வரை நீள்வதுண்டு. ஒரே மூச்சில் அன்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மருத்துவச் சோதனையும் கட்டாய ஓய்வும் உண்டு. வைகறையில் புறப்பட்ட குதிரைகள் திரும்பியபோது அவற்றின் கழுத்தில் நுரை திரண்டிருந்தது. பணியாட்கள் குளிர்நீரை ஊற்றுவதும் வழித்தெடுப்பதும் மீண்டும் ஊற்றுவதுமாக இருந்தனர்.

செந்நிறக் குதிரையொன்று தன் முன் வைத்த நீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"தாகமில்லை போலிருக்கிறதே!" என்றேன்.

"அதுதான் மாமா பயமே" என்றான் அவன்.

மனிதரின் வியர்வையில் உப்பு குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது, தாகம் பிறக்கிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்திற்கு ஈடாக, சில வேளை அதனினும் மிகுதியாக உப்புடையது. கடும் வெப்பத்தில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். நீரும் உப்பும் ஒருங்கே போய்விடுவதால் செறிவு ஏறுவதில்லை. உடல் வறண்ட பின்னும் அந்த ஜீவனுக்குத் தண்ணீர் வேண்டுமென்று தோன்றுவதில்லை. சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகியன குறையக் குறையத் தசை இறுகும். குடல் அசைவு ஓயும். கால்சியமும் தாழ்ந்தால் இதயத் துடிப்போடு விலாப்புறமும் சேர்ந்து துடிக்கும்.

உப்பைக் குழைத்து ஊசியில்லாச் சிரிஞ்சினால் வாயில் புகட்டுகிறார்கள். உப்பு உட்சென்றால் தாகம் எழும். ஆனால் நீர் அருந்தாத குதிரைக்கு உப்பை மட்டும் திணித்தால், அது இரத்தத்தின் நீரையே குடலுக்குள் இழுத்துவிடும். அதனால் நனைத்த புல்லையும் உண்ணத் தருகிறார்கள்.

மருத்துவர் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், ஈறை அழுத்தினார், வயிற்றில் காது வைத்தாற்போல் கருவியை வைத்துக் கேட்டார். குறித்த நேரத்திற்குள் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 64-க்குத் தணியாத குதிரை நீக்கப்படும். இவ்வளவு காவலிருந்தும் மனிதரின் வேட்கை அடங்குவதில்லை. குதிரைகளின் நலன் பேணப்படவில்லையென்று, 2015 மார்ச்சில் அமீரகக் குதிரையேற்றக் கூட்டமைப்பையே சர்வதேசக் கூட்டமைப்பு சில மாதங்கள் இடைநீக்கம் செய்தது.

செந்நிறக் குதிரை அடுத்த சோதனையில் நீக்கப்பட்டது. அதன் பயிற்சியாளரின் முகம் இருண்டது. என் மருமகன் அதை நிழலில் மெல்ல நடத்தினான். நாங்கள் புறப்படும் வேளையில்தான் அது வாளிக்குள் முகத்தைப் புதைத்து, நெடுநேரம் குடித்தது.