ஒழுகும் நேரம்

பெட் பாட்டில் வார்க்கும் ஆலையில் பிளாஸ்டிக் சிப்ஸ் மூட்டை வந்து இறங்கினால், தரச் சான்றிதழில் முதலில் கண் போவது ‘ஐ.வி.’ (இன்ட்ரின்சிக் விஸ்காசிட்டி, உள்ளார்ந்த பாகுத்தன்மை) என்ற எண்ணுக்குத்தான். துணி நூலுக்கு 0.6 போதும், சோடா பாட்டிலுக்கு 0.8 அளவில் வேண்டும். குறைந்தால் மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டை, பாட்டில் வாயுவின் அழுத்தம் தாங்காது என்று பொருள்.

எண் பிறக்குமிடம் உப்பலோடே குழாய்: மூன்று கைகள், ஒரு கையில் சிறு குமிழ், குமிழுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு கோடு, அடியில் மெல்லிய தந்துகி. வெப்பநிலை நூறில் ஓரிரு பங்கு டிகிரிகூட மாறாத நீர்த்தொட்டியில் அதை நிறுத்தி, கரைசலை மேலே உறிஞ்சிவிடுகிறார்கள். மட்டம் மேல்கோட்டைத் தொட்டதும் ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது, கீழ்க்கோட்டில் நிற்கிறது. வெறும் கரைப்பானுக்கு 100 விநாடி என்றால், 100 மில்லியில் அரை கிராம் பாட்டில் பெட் கரைந்ததும் 140-ஐத் தாண்டுகிறது. தண்ணீரில் அதே அளவு சர்க்கரையைக் கரைத்தால் ஒன்றிரண்டு விநாடிதான் கூடும்.

இந்தத் தாமதம்தான் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டவுடிங்கருக்குக் கைகொடுத்த சாட்சி. ரப்பர் போன்றவை ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே சங்கிலியாகக் கோத்த பெருமூலக்கூறுகள் என்று 1920-இல் அவர் வாதிட்டபோது, சக வேதியியலாளர் பலரும் ஏற்கவில்லை. சிறு மூலக்கூறுகள் கூடிய திரள் என்பதே அன்றைய கொள்கை. ரப்பரை நன்றாகச் சுத்தம் செய்தால் படிகமாகிவிடும் என்று புகழ்பெற்ற வேதியியலாளர் ஹைன்ரிஷ் வீலண்டே அவருக்குப் புத்தி சொன்னார். ஸ்டவுடிங்கர் அசரவில்லை. ஃப்ரைபுர்க்கில் ஒவ்வொரு பாலிமராகக் கரைத்து, ஒழுகும் நேரத்தை அளந்துகொண்டே இருந்தார். மூலக்கூறு எடை ஏறினால் பாகுத்தன்மையும் அதே விகிதத்தில் ஏறுகிறது என்றார். சங்கிலிகள் விறைத்த குச்சிகள் என்றும் நம்பினார். அங்கேதான் பிசகு: அவை கரைசலில் சுருண்டு கிடக்கின்றன. மார்க், ஹவ்விங்க், சகுராடா பெயரால் வழங்கும் சமன்பாட்டில் நேர்விகிதம் போய், பெரும்பாலும் 0.5 முதல் 0.8 வரையான அடுக்குக்குறி வந்தது. விளக்கம் மாறியும் அளவை முறை பிழைத்ததே இந்தக் கதையில் பேரழகு. நோபல் பரிசு வந்தபோது ஆண்டு 1953, அவருக்கு வயது 72.

இந்த அளவை பாட்டிலோடு நிற்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுருளைச் சுற்றிய காகிதமும் செல்லுலோஸ் என்ற பாலிமர்தான். பல்லாண்டுச் சூட்டில் அதன் சங்கிலி அறுபடும். தாமிரம் சேர்ந்த கரைப்பானில் ஒரு துண்டைக் கரைத்து ஒழுகவிட்டால், சங்கிலிக்குச் சராசரி எத்தனை குளுக்கோஸ் கண்ணி என்பது தெரியும்: புதிதில் ஏறத்தாழ 1000, 200-க்கு இறங்கினால் காகிதம் நொறுங்கும். ஆனால் துண்டு எடுக்க டிரான்ஸ்ஃபார்மரையே பிரிக்க வேண்டுமே! அதனால் ஓடும் இயந்திரங்களில், காகிதம் சிதைந்து எண்ணெயில் கலக்கும் ஃபியூரான் சேர்மங்களை அளந்து ஊகிக்கிறார்கள். பழுதுக்காகப் பிரிக்கும்போதுதான் காகிதம் நேராகக் குழாய்க்கு வருகிறது.