பழக்கத்தின் விலை

மலேரியாச் சுரம் மலிந்த ஊர்களைப்பற்றிப் பேச்சு நேரும்பொழுது, "அவ்வூரார்க்கு அது பழகிப்போயிற்று" என்று சொல்லி அப்பாற் செல்வது பலர்க்கு வழக்கம். யாமும் நெடுநாள் அவ்வாறே சொல்லிவந்தோம். சென்ற கோடையில், வைத்தியராய் விளங்கும் எம் பழைய மாணவர் ஒருவர் அச்சொல்லைக் கேட்டு, "ஐயா, பழகியவரையல்லவோ தாங்கள் காண்கின்றீர்கள்? பழகுமுன் போனவர் எத்துணையர்?" என்றார். அவ்வினாவே இப்பொருளை எம்மைக் கற்கச்செய்தது.

1900-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞராகிய ராபர்ட் கோக், நியூகினித் தீவின் கிராமங்களில் மக்களுடைய இரத்தத்தைச் சோதித்தார். சிறு குழந்தைகளிடத்து மலேரியாக் கிருமி மிகுந்திருந்தது. வயது வந்தோரிடத்து அரிதாயிருந்தது. கொசுவோ இருசாராரையும் கடித்தது.

தாயினிடமிருந்து பெற்ற காப்பு, பிறந்த சிசுவைச் சில மாதம் ஓரளவு காக்கும். அது தேய்ந்தபின் சுரம் கடுமையாய்த் தாக்கும். கிருமியோ தன் மேற்போர்வையை மாற்றிக்கொண்டே வருவது. ஆதலின் ஒருமுறை நோயுற்றதனால் காவல் நிறைவதில்லை. பல்லாண்டு மீண்டும் மீண்டும் நோயுற்றுத் தேறியவர்க்கே, முதலில் மரணத்தினின்றும், பின்னர்க் காய்ச்சலினின்றும் காவல் உண்டாகின்றது. அப்பொழுதும் கிருமி சிறிதளவு இரத்தத்தில் தங்குதல் உண்டு. அவ்வூரைவிட்டு நெடுநாள் நீங்கியிருப்பின் அக்காவலும் குன்றும்.

1961-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனை வலியுறுத்திற்று. ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில், வயது வந்தோரின் இரத்தத்தினின்று பிரித்த காப்புப்பொருளை நோயுற்ற குழந்தைகளுக்கு ஊசிவழி ஏற்றினர். சில நாட்களில் கிருமிகள் பெரிதும் குறைந்தன. பெரியோர் வருந்திப் பெற்ற செல்வம் சிறுவர்க்கு உதவிற்று.

அப்பெரியோர் யாவர்? முன்னம் பிழைத்த குழந்தைகளே. பிழையாதவரை யாம் எண்ணிப் பார்த்ததில்லை. இன்றும் ஆப்பிரிக்காவில் மலேரியாவால் மாள்வோருள் ஏறக்குறைய முக்காற்பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நோயின்றியே காப்பளிக்க வேண்டுமென்னும் கருத்தினால், 2021-இல் உலக சுகாதார நிறுவனம் முதல் மலேரியாத் தடுப்பூசியைக் குழந்தைகட்குப் பரிந்துரைத்தது. அதன் காப்பு முழுமையானதன்று. ஆயினும் அதற்காக எந்தத் தாயும் ஒரு மகவைப் பலிகொடுக்க வேண்டுவதில்லை.

"பழகிப்போயிற்று" என்னும் சொல்லை யாம் இப்பொழுது சொல்வதில்லை. சொல்ல நா எழுமாயின், அம்மாணவரின் வினா முன்வந்து நிற்கின்றது.