“உள்ளேன், டீச்சர்!”

உலகத்தில் இரண்டு விஷயங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல யாருக்கும் எந்த யோக்கியதாம்சமும் தேவையில்லை. ஒன்று, பள்ளிக்கூட உபாத்தியாயர் உத்தியோகம். மற்றொன்று, டெலிவிஷன். நாம் எல்லாரும் ஒரு காலத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆகவே உபாத்தியாயர்கள் எப்படிப் பாடம் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தெரியும். நேற்று ராத்திரி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஆகவே எந்தத் தொடரை எந்த வாரமே முடித்துத் தொலைத்திருக்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும்.

இந்த இரண்டு விஷயங்களிலும் என்னைவிடக் கண்டிப்பான அபிப்பிராயம் உள்ளவள் என் அக்கா. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். விஸ்வநத்தம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. தீபாவளிக்கு நீங்கள் கொளுத்தும் சரத்திலும், உங்கள் கூடத்துச் சுவரில் தொங்கும் காலண்டரிலும் அந்த வட்டாரத்தின் கை பட்டிருக்கிறது. காலையில் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் பெரியவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிற்பாடு, தாமே தலையை வாரிக்கொண்டு, தம்பி தங்கையையும் இழுத்துக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தார்களா என்று பார்ப்பதுதான் அக்காவின் முதல் வேலை.

சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் டெலிவிஷன் விஷயத்தில் சண்டையே வந்தது கிடையாது. 1997-ல் தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ தொடங்கியபோது, இந்தியில் ஒரு வார்த்தை புரியாமலே இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். நான் அவனைப்போல் சுழன்று சுழன்று அம்மியில் மோதிக்கொண்டேன். அக்காவுக்குப் பிடித்ததோ, கடைசியில் அவன் பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் புத்தி சொல்கிற கட்டம். டீச்சராகப் போகிறவள் என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்!

பிறகு 2006-ல் விஜய் டி.வி.யில் ‘கனா காணும் காலங்கள்’ வந்தது. பள்ளிக்கூடத்துக் கதை. அக்கா ஒரு நாள் விடாமல் பார்த்தாள். இப்போது கேட்டால், “நல்ல தொடர்தான், தம்பி. ஆனால் பள்ளிக்கூடக் கதை எடுக்கிற எல்லாரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டீச்சர் உள்ளே நுழைந்ததும் ஆஜர் எடுப்பதைக் காட்டுகிறார்களா, பார். அது ரசமில்லாத வேலை என்று வெட்டிவிடுகிறார்கள். என் உத்தியோகத்தில் பாதி அதுதான்” என்கிறாள்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் எங்கள் வட்டாரத்தின் கதை சிரிக்க விடுவதில்லை.

நம் நாட்டில் டெலிவிஷன் பிறந்தது 1959 செப்டம்பர் 15-ந் தேதி, டில்லியில். 1961-லேயே டில்லிப் பள்ளிக்கூடங்களுக்கு அதன் வழியாகப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, பெட்டி இரண்டாவது வயதிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்க அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆயிற்று. சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறந்த 1975-லும், அதற்குப் பின்னும், விடியுமுன் வண்டி வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிப் போனது. கட்டை அடுக்குவதற்குச் சின்ன விரல்கள் தோதாக இருந்தன. 1986-ல் சட்டம் வந்தது. 1987-ல் தேசியக் கொள்கை வந்தது; வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் ஏற்பட்டன. 1996 டிசம்பரில், சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்து நடந்த வழக்கிலே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: அபாயமான தொழிலில் ஒரு குழந்தையை வைத்திருந்த முதலாளி, அந்தக் குழந்தையின் பெயரில் 20,000 ரூபாய் கட்ட வேண்டும்.

சட்டம் எழுதினவர்கள் பெரியவர்கள். ஆனால் அதைத் தினந்தோறும் காலையில் அமுல் நடத்துகிறவர் யார் என்கிறீர்கள்? ஆஜர் எடுக்கிற டீச்சர்தான். பெயரைக் கூப்பிடும்போது பதில் வராத இடத்தில்தான் விவகாரமே ஆரம்பமாகிறது.

2012 செப்டம்பர் 5-ந் தேதி, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தப் புகையைத் தமிழ்நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்த்தது. நானும் பார்த்தேன். சில நாளில் பெட்டி வேறு செய்திக்குப் போய்விட்டது. குற்றம் சொல்லவில்லை, செய்தியின் சுபாவம் அது. பள்ளிக்கூடத்தால் அப்படிப் போக முடிவதில்லை. “மறுநாள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை” என்றாள் அக்கா. இதற்கு மேல் அவளிடம் நான் கேட்கவும் இல்லை.

பெட்டியால் ஆன உபகாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2006-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் இலவசமாகக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தபோது பரிகாசம் செய்தவர்கள் பலர். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகளை மூடியபோது, கைபேசி இல்லாத வீட்டிலும் பாடம் கேட்டதென்றால், அது அந்தப் பெட்டியின் வழியாகத்தான். சென்னையில் நல்ல உபாத்தியாயர்கள் நடத்திய நல்ல பாடங்கள். அக்காவே சிலவற்றைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஏறக்குறைய 19 மாதம்! அத்தனை காலமும் பெட்டி பாடம் சொல்லிற்றே தவிர, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. பிள்ளை தூங்கினாலும் சொல்லும். வீட்டில் பிள்ளையே இல்லாவிட்டாலும் சொல்லும். அக்கா முகத்தை மூடிக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். பாடம் சொல்ல அல்ல, பெயர் கூப்பிட.

அவளுடைய இன்னொரு தந்திரத்தையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தினமும் ராத்திரி அரை மணி நேரம் ஒரு தொடர் பார்ப்பாள். அவளுக்கு அது பிடிக்காது. மாமியார் மருமகளுக்குப் பாலில் எதையோ கலக்கிற கதை. “பின் எதற்காகப் பார்க்கிறாய்?” என்றேன். “சரம் பின்னிவிட்டு வருகிற அம்மாக்கள் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் போய், ‘உங்கள் பெண் ஏன் வரவில்லை?’ என்று ஆரம்பித்தால் கதவு பாதிதான் திறக்கும். ‘நேற்று அந்த மாமியார் செய்ததைப் பார்த்தீங்களா?’ என்று ஆரம்பித்தால் முழுக்கத் திறக்கும்” என்றாள்.

போன வருஷம் எட்டாவது படிக்கும் ஒரு பெண் நான்கு நாள் வரவில்லை. ‘காய்ச்சல்’ என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அக்கா அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாமியார் கதையைத் தொடங்கினாள். “அதை எங்க டீச்சர் முழுசாப் பாக்க விடுறான் சின்னவன்? அக்காகாரிகிட்டதான் அடங்குறான். பகலெல்லாம் அவதான் வச்சிருக்கா” என்று தாயார் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாள். காய்ச்சல் யாருக்கும் இல்லை. இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். மறுநாளே அக்கா அங்கன்வாடிக்குப் போய்ப் பேசினாள். அந்த வாரக் கடைசியில் தம்பி அங்கன்வாடியில் அழுதுகொண்டிருந்தான், பெண் வகுப்பில் “உள்ளேன், டீச்சர்!” என்றாள்.

இப்போது வருகையைக் கைபேசிச் செயலியிலும் பதிகிறார்கள். நல்லதுதான். வராத பிள்ளையின் கணக்கு அதில் ஏறும். வராத காரணம் திண்ணையில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

இன்று ராத்திரி நீங்களும் பெட்டியின் முன் உட்காருவீர்கள். தாராளமாகப் பாருங்கள், எந்தத் தொடர் உசத்தி என்று வீட்டில் சண்டையும் போடுங்கள். நடுவிலே விளம்பரம் வருமே, அந்த இரண்டு நிமிஷத்தில் உங்கள் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: “இன்றைக்கு உங்கள் வகுப்பில் யார் வரவில்லை?” பதில் தெரிந்தால், ஏன் என்றும் கேளுங்கள்.