காற்று போன பந்து

பந்தில் காற்று கொஞ்சம் குறைந்திருந்தது என்பதற்காக அமெரிக்காவில் ஒன்றரை வருஷம் வழக்கு நடந்தது என்று சொன்னால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். "அவங்களுக்கு வேற வேலை கெடயாதா?" என்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தச் செய்திகளைத் தொடர்ந்து படித்து வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ராஜகுளத்து ஏரியும், ஒரு பையனின் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியும் ஞாபகத்துக்கு வந்தன. அதைச் சொல்வதற்கு முன்னால் அமெரிக்கக் கதையைச் சொல்லி விடுகிறேன்.

அந்த ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயரே தவிர, காலுக்கு அதில் வேலை குறைவு. இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கையால் எறிவார்கள். மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒவ்வோர் அணியும் தான் தாக்கி ஆடும்போது தன்னுடைய பந்துகளைத்தான் உபயோகிக்கும். பந்துக்குள் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை அழுத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. காற்று சற்றுக் குறைந்தால் கைக்குப் பிடி நன்றாகக் கிடைக்குமாம். 2015 ஜனவரி 18-ஆம் தேதி நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், பேட்ரியாட்ஸின் பந்துகள்மேல் சந்தேகம் எழுந்தது. இடைவேளையில் அளந்தார்கள். அளவு குறைந்திருந்தது. காற்றை நிரப்பிக் கொடுத்தார்கள். காற்று நிரம்பிய பந்தோடு பிற்பாதியில் அதே அணி 28 புள்ளிகள் எடுத்தது. எதிரணி ஒன்றுகூட எடுக்கவில்லை. முடிவு 45-7!

இத்துடன் விஷயம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. அன்று இரவு மைதானத்தில் குளிர். கதகதப்பான அறையில் காற்றடித்த பந்தைக் குளிரில் கொண்டுபோய் வைத்தால் அழுத்தம் தானாகவே குறையும். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தில் உள்ள சங்கதிதான் இது. அழுத்தக் குறைவுக்குக் குளிர் எவ்வளவு காரணம், மனிதர் கை எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், ஆட்டத்துக்கு முன் எடுத்த அளவு வேண்டும். அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் விசாரணை நடந்தது. 'பெரும்பாலும் தெரிந்திருக்கக்கூடும்' என்ற தோரணையில் ஓர் அறிக்கை வந்தது. அணித் தலைமை ஆட்டக்காரர் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டங்கள் தடை; அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம்; புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இரண்டு வாய்ப்புகளும் பறிபோயின. பிரேடி மேல்முறையீடு செய்தார். அதைக் கேட்டவர் யார் தெரியுமா? தண்டனை கொடுத்த லீகின் தலைவரான ரோஜர் குடெலேதான்! ஒப்பந்தத்தில் அவருக்கு அந்த உரிமை இருந்தது. 2015 செப்டம்பரில் ஒரு நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திரும்பவும் நிலைநிறுத்தியது. பிரேடி நான்கு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். உள்ளே வந்ததும், அந்தப் பருவத்தின் முடிவில், 2017 பிப்ரவரியில், பெரிய கோப்பையை ஜெயித்தார்.

இதில் என் மனசு நின்ற இடம் பிரேடி அல்ல. பந்துப் பைகளைச் சுமந்து, காற்றடித்து, துடைத்து வைக்கும் பணியாளர்கள் இருவர் இருந்தார்கள். தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன்பே அவர்களை அணியே வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டது. பிரேடிக்காக வாதாட ஆட்டக்காரர் சங்கம் இருந்தது. பை சுமந்தவர்களுக்காக யார் நீதிமன்றம் போவார்கள்?

எங்கள் ஊரிலும் ஒரு பை இருந்தது.

1994-ஆம் வருஷம் கோடை. ஏரி வற்றிக் கிடந்தது. வற்றிய ஏரிதான் எங்கள் மைதானம். சுற்றிலும் சீமைக் கருவேல முட்புதர். பக்கத்து ஊர்க்காரர்களோடு நூற்றொரு ரூபாய் பந்தயம் வைத்து டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆட்டம். நான் காப்டன். அந்தப் பட்டம் எனக்கு வந்ததற்குக் காரணம் மட்டை என்னுடையது என்பதுதான். பந்துப் பையைக் காத்தவன் எங்கள் ஊர்த் தையற்காரரின் மகன். என்னைவிட ஒரு வயசு சின்னவன். இடக்கையால் பந்து வீசுவான்; அவன் வீசும் பந்து தரையில் பட்டதும் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியாது.

நாங்கள் முதலில் ஆடினோம். பந்து தொலைந்தது. அவர்கள் ஆட வந்தபோது பையிலிருந்து இரண்டாவது பந்தை எடுத்தோம். அது எழும்பவே இல்லை, தரையோடு தவழ்ந்தது. ஐந்து விக்கெட் மளமளவென்று விழுந்தன. அவர்கள் காப்டன் பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தான். காதோரம் வைத்து இன்னொரு தரம் அமுக்கினான். "ஓட்டை போட்டிருக்கானுங்கடா!" என்று கத்தினான். கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இறங்கி வந்தார்கள். பை யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள். தையற்காரர் மகனைக் காட்டினோம். அவன் சட்டைக் காலரில், அப்பாவைப் போலவே, நூல் கோத்த ஊசி ஒன்று குத்தி இருந்தது.

வேறென்ன சாட்சி வேண்டும்?

"காப்டன் யாருப்பா? நீ இன்னா சொல்ற?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் பயிற்சியின்போது அந்தப் பந்தை முட்புதருக்குள் அடித்தவன் நான். உள்ளே போய் எடுத்தவனும் நான். பந்தில் ஒரு முள் ஏறியிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பந்தைப் பையில் போடச் சொல்லி அவன் கையில் கொடுத்தேன். முள்ளைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது கரையே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. தெரிந்தே ஓட்டைப் பந்தைக் கொடுத்த காப்டன் என்ற பெயர் வருமே என்று பயந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

ஆட்டம் செல்லாது என்றார்கள். பந்தய ரூபாய் அவர்களுக்குப் போயிற்று. "இனிமே இவனை ஆட்டத்துல சேக்காதீங்க" என்று ஒரு தீர்ப்பும் சொன்னார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த கோடையிலும் அவனை யாரும் கூப்பிடவில்லை.

இருபது வருஷம் கழித்து, தமிழ்நாடே தண்டனையைப் பற்றிப் பேசிய காலம் ஒன்று வந்தது. 2013-இல் ஐ.பி.எல். சூதாட்ட விவகாரம் வெடித்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் ஆட்டங்களின்மேல் பந்தயம் கட்டினார் என்று குற்றச்சாட்டு. அவருடைய மாமனார் என். சீனிவாசன், அணிக்குச் சொந்தக்கார நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். கிரிக்கெட் வாரியத்துக்கும் அவரே தலைவர். முதலில் வாரியம் அமைத்த இருவர் குழு, ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் குழுவை அமைத்த முறையே சட்டத்துக்குப் புறம்பானது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு உச்ச நீதிமன்றம் வெளியாட்களைக் கொண்டு விசாரித்தது. பந்தயம் கட்டியது நிரூபணமாயிற்று. சீனிவாசன் மூடி மறைத்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் வாரியத்தை நடத்துகிறவரே அணியையும் வைத்துக்கொள்வது தகாது என்று தீர்ப்பளித்தது. 2015 ஜூலை 14-ஆம் தேதி லோதா குழு, குருநாத்துக்கு ஆயுட்காலத் தடையும், சென்னை அணிக்கும் ராஜஸ்தான் அணிக்கும் இரண்டு வருஷத் தடையும் விதித்தது.

எங்கள் தெருப் பையன்கள் கொதித்தார்கள். "யாரோ ஒருத்தர் செஞ்சதுக்குத் தோனி இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். தோனி புனேக்கும் ரெய்னா குஜராத்துக்கும் போய் ஆடினார்கள். ஆனால் நான் அந்தத் தண்டனையில் இரண்டு அம்சங்களைப் பார்த்தேன். தீர்ப்புச் சொன்னவர்களுக்கு அந்த ஆட்டத்தில் லாபமோ நஷ்டமோ கிடையாது. தண்டனைக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. அந்தத் தேதி வந்தது. அணி 2018-இல் திரும்பி வந்தது. அந்த வருஷமே கோப்பையையும் வாங்கியது. மஞ்சள் சட்டைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன.

அந்த வருஷம் ஒரு காரியமாக உத்திரமேரூர் போனேன். பஸ் வர நேரம் இருந்ததால் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தேன். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றி நாம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். சபைக்கு ஆள் எடுக்கக் குடத்தில் ஓலை போடுவார்கள். குடத்தைச் சபையார் எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுபிள்ளைதான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! குற்றம் நடந்த பிறகு ஆளைத் தேடாமல், நடப்பதற்கு முன்பே விரலை விரிக்கச் சொன்ன அந்தப் புத்தியை நினைத்து நினைத்து வியந்தேன்.

கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்றும் அந்தக் கல் சொல்கிறது. அவன் தகப்பன், மகன், மாமனார், மருமகன், மைத்துனன் பெயரையும் போடக் கூடாதாம். மாமனார், மருமகன் என்று அங்கே கண்டபோது எனக்குச் சேப்பாக்கம் ஞாபகம் வந்தது. குற்றம் செய்யாத உறவினரையும் சேர்த்து விலக்குவது கொடுமை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தேன். ஒருவனுக்குத் தீங்கு செய்வது வேறு. தனக்குச் சம்பந்தமுள்ள விஷயத்தில் நீதி சொல்லும் இடத்தில் அவனை உட்கார வைக்காமல் இருப்பது வேறு. அன்று ஏரிக்கரையில் என்னை யாராவது விலக்கி நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆனால் அந்தக் கல்லையும் முழுக்கப் புகழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை அது. எங்கள் ஊர்த் தையற்காரர் பெயர் அந்தக் குடத்துக்குள் ஒருநாளும் விழுந்திருக்காது.

கோயிலைவிட்டு வெளியே வந்து நேரே கடைத்தெருவுக்குப் போனேன். நான் சொன்ன காரியம் அதுதான். அவன் அங்கே சொந்தமாகத் தையற்கடை வைத்திருந்தான். ஒரு பேண்ட் துணியைக் கொடுத்தேன். அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே முள்ளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இருபத்துநாலு வருஷம் வைத்திருந்ததைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"தெரியும்ணா. அன்னிக்கு ராத்திரியே எங்கப்பா அந்தப் பந்தை வாங்கிப் பாத்தாரு. முள்ளு குத்தின ஓட்டை கிழிஞ்சாப்ல இருக்கும். ஊசி குத்தினா தெரியவே தெரியாது. நாங்க தினம் பாக்கறது தானே?"

"ஏன்ப்பா அவர் வந்து சொல்லலை?"

"அவரை யாருணா கேட்டாங்க?" என்றான். "சரி, நேரா நில்லுங்க. இடுப்பு அளவு எடுக்கணும்."

நேராக நிற்க முயன்றேன்.